அலுவல் மிகுந்த வாரமும் துவிச்சக்கர வண்டியும்

கொழும்பிலே தொழில் பார்க்கும் ஒருவரை நோக்கி, "உடலுக்குப் பயிற்சி ஏதும் கொடுக்கின்றீர்களா?" என்று வினவினால், "அதற்கு நேரம் எங்கே இருக்கிறது?" என்ற மறுகேள்வியே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும். இவ்விடையைச் சோம்பலின் சாக்கு என்று தள்ளிவிடுதல் முறையன்று. வெள்ளவத்தையிலே குடியிருந்து, புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவிலே மொத்த வியாபாரக் கடையொன்றிற் கணக்கெழுதும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். காலையிலே பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுக் காலி வீதியிலே பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கிறார். நிறைந்து வரும் பஸ்ஸிலே ஒருவாறு தொற்றிக்கொண்டு, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலிமுகம் எனத் தரித்துத் தரித்துச் சென்று, கோட்டைப் புகையிரத நிலையத்தருகே இறங்கி, கைவண்டிகளுக்கும் லொறிகளுக்கும் இடையே புகுந்து கடையை அடைகிறார். பகல் முழுவதும் நாற்காலியிலே இருக்கை. மாலையிலே அதே யாத்திரை எதிர்த்திசையில் நிகழ்கிறது. வீடு சேரும்போது இருட்டிவிடுகிறது. ஆறு நாள் இவ்வாறு கழிய, எஞ்சிய ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் சந்தைக்கும் உறவினர் வீட்டு வைபவங்களுக்குமாகப் போய்விடுகிறது. இத்தகையவருக்கு, நாள்தோறும் ஒரு மணி நேரம் உலாவி வருக என்று புத்தி கூறுதல் எளிது. அந்த ஒரு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று காட்டுதல்தான் அரிது.

ஆயினும் அந்த நேரம் அவரிடம் இல்லாமலில்லை. பஸ்ஸிலே தொங்கிக்கொண்டு நிற்கும் நேரமே அது. துவிச்சக்கர வண்டியின் பெருமையைப் பேசுவோர் பலர், அதனையும் ஒரு புதிய கடமையாக்கி, நிறைந்துபோன வாரத்தின் மேலே ஏற்றிவிடப் பார்க்கின்றனர். நிறைந்த வண்டியிலே இன்னொரு மூட்டையை ஏற்றினால் அச்சு முறியும். வண்டியிலே முன்னரே கிடக்கும் மூட்டையொன்றை இறக்கிவிட்டு அவ்விடத்திலே இதனை வைத்தால் பாரம் கூடுவதில்லை. போக்குவரத்துக்கென்று எப்படியும் செலவாகும் நேரத்தையே உடலியக்கத்துக்குரிய நேரமாக்கிக்கொள்வதுதான் சைக்கிளின் தனிச் சிறப்பு.

கணக்கைப் பார்ப்போர்க்கு இது விளங்கும். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர். பழைய கணக்கிலே 5 மைல். அவசரமின்றி மிதிப்பவர் மணிக்கு 15 அல்லது 16 கிலோமீட்டர் செல்வார். ஆகவே பயணம் அரை மணி நேரம். சமிக்ஞை விளக்குகளிலே தரிக்கும் நேரத்தையும் சேர்த்தால் 40 நிமிடம் எனலாம். நெரிசல் மிகுந்த வேளைகளிலே பஸ்ஸோ மோட்டார்க் காரோ இதனினும் விரைவாகச் செல்லும் என்பதற்கு உறுதியில்லை. கொட்டாஞ்சேனைக்காரரின் நிலை இன்னும் இலகுவானது. செட்டியார் தெரு வழியாக வந்தால் புறக்கோட்டை ஏறக்குறைய 2 கிலோமீட்டர்; பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். வளர்ந்தோர் ஒவ்வொருவரும் வாரத்திலே 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தர உழைப்புடைய உடலியக்கத்திலே ஈடுபடுதல் நன்று என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டல். வெள்ளவத்தைக்காரர் வாரத்தில் மூன்று நாள் மட்டும் சைக்கிளிலே போய்வந்தால், மிதிக்கும் நேரம் மட்டுமே 180 நிமிடமாகின்றது. கொட்டாஞ்சேனைக்காரர் ஆறு நாளும் போய்வந்தாலும் 120 நிமிடத்தைத் தாண்டமாட்டார். மாலையிலே இரண்டு நாள் முகத்துவாரம் வரை சென்று கடற்காற்று வாங்கி வந்தால் அக்குறையும் நீங்கும்.

இக்கணக்கைக் கொழும்பு மாநகரம் 2022 ஆம் ஆண்டிலே கட்டாயத்தின் பேரிற் கற்றுக்கொண்டது. அவ்வாண்டு நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிப்போயிற்று. எரிபொருட் கப்பல்களுக்குக் கொடுக்கப் பணமில்லை. ஆண்டின் தொடக்கத்திலே 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றரின் விலை, ஜூன் மாத இறுதியிலே 470 ரூபாவாக உயர்ந்தது. அவ்விலையைக் கொடுக்க ஆயத்தமாக இருந்தோருக்கும் பெற்றோல் கிடைக்கவில்லை. நிரப்பு நிலையங்களுக்கு முன்னே வாகனங்கள் நாட்கணக்காக வரிசையிலே கிடந்தன. அவற்றினுள்ளேயே மனிதர் உறங்கினர். ஜூன் மாதத்திலே அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையாக்கப்பட்டது. ஜூன் 27 ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகளுக்கன்றி மற்றெவருக்கும் ஜூலை 10 வரை எரிபொருள் வழங்கப்படாது என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் ஜூலை மாதத்திலே கியூ.ஆர். குறியீட்டுடன் பங்கீட்டு முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார்க் காருக்கு 20 லீற்றர் என அளந்து கொடுக்கப்பட்டது. வாகன இலக்கத்தின் கடைசி எண் எதுவோ, அதனைக் கொண்டு எரிபொருள் பெறும் நாளும் குறிக்கப்பட்டது. நகரத்து மனிதனின் வாரத்தை வேலையும் விடுமுறையும் வகுத்த காலம் போய், இலக்கத் தகட்டின் கடைசி எண் வகுக்கும் காலம் வந்தது.

அந்நாட்களிலேதான் பலர் வீட்டுக் கொல்லையிலே துருவேறிக் கிடந்த பழைய சைக்கிளை வெளியே எடுத்தனர். டாம் வீதியிலே சைக்கிளும் அதன் உறுப்புகளும் விற்கும் கடைகளின் வாயிலிலே சனம் கூடிற்று. ரூபாவின் பெறுமதி வீழ்ந்தமையாலும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளாலும் புது வண்டியின் விலை மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனது. பழைய வண்டிக்கும் கிராக்கி உண்டாயிற்று. முச்சக்கர வண்டியை வாடகைக்கு ஓட்டிச் சீவிப்போருக்கு 5 லீற்றர் ஓரிரு நாளைக்கே போதுமானதாக இருந்தது என்பதையும் மறத்தல் ஆகாது. அவர்களுக்கு அது உடற்பயிற்சிக் காலமன்று, பட்டினிக் காலம். ஆனால் கந்தோருக்கும் வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் போகவேண்டியிருந்தோருட் பலர், தாம் போகும் தூரம் அவ்வளவு பெரிதன்று என்பதை அப்போதுதான் கண்டனர். பல்லாண்டு காலம் மோட்டார்க் காரின் கண்ணாடிக்குப் பின்னே இருந்து பார்த்தமையால், 8 கிலோமீட்டர் அவர்களுக்கு எட்டாத தொலைவாகத் தோன்றியிருந்தது.

இத்தனை ஆரவாரத்துக்கும் இடையே, எதுவும் புதிதாகக் கற்கவேண்டிய அவசியமில்லாத ஒரு கூட்டம் நகரிலே இருந்தது. சைக்கிளின் பின்னே மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு மீன் விற்பவர், முன்னே பலகையிலே சீட்டுகளை அடுக்கி லொத்தர் விற்பவர், தபாற்காரர், விடியற்காலையிலே பத்திரிகை போடுபவர் ஆகிய இவர்கள் 2022 ஆம் ஆண்டுக்கு முன்னும் மிதித்தனர், பின்னும் மிதித்தனர். வாரத்திலே சைக்கிளுக்கு எவ்வாறு நேரம் ஒதுக்குவது என்ற வினா இவர்களுக்கு எழுந்ததேயில்லை. சைக்கிள் இவர்களுக்குத் தொழிலின் உறுப்பு. நகரத்தின் மற்றப் பிரிவினர் இவர்களைத் தினமும் கண்டும் காணாதவராய் இருந்தமை சிந்திக்கத்தக்கது.

கியூ.ஆர். பங்கீடு 2023 ஆம் ஆண்டு செப்டெம்பரிலே நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரே, பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியவுடன், வெளியே வந்த சைக்கிள்களிற் பல மீண்டும் கொல்லைக்குச் சென்றுவிட்டன. எரிபொருள் மலிந்தமை மட்டும் இதற்குக் காரணமன்று. அது மலியவும் இல்லை. வேறொரு காரணமும் உண்டு. அதனை அறிய யாழ்ப்பாணத்தை நோக்கவேண்டும்.

1990 ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டபோது, வடபகுதிக்குப் பெற்றோல் முதலிய பொருள்கள் செல்வது தடுக்கப்பட்டது. அதன்பின் யாழ்ப்பாணக் குடாநாடு சைக்கிளின் மேலேயே வாழ்ந்தது என்றால் அது மிகைக் கூற்றன்று. சில மோட்டார் வாகனங்கள் மண்ணெண்ணெயிலே புகை கக்கிக்கொண்டு ஓடின. மற்றெல்லாம் சைக்கிள்தான். ஆசிரியர், வைத்தியர், பல்கலைக்கழக மாணவர், வயல் உழுவோர் யாவரும் மிதித்தனர். விறகுக் கட்டும் மரக்கறி மூட்டையும் நோயாளரும் கரியரிலே சென்றனர். பாடசாலைச் சீருடையிலே பெண் பிள்ளைகள் வரிசையாகச் சைக்கிளிலே செல்வது அங்கு சாதாரணக் காட்சி. 1995 ஆம் ஆண்டின் இறுதியிலே வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, பலருக்கு வீட்டுப் பொருள்களென மிஞ்சியவை சைக்கிளிலே கட்டித் தள்ளிக்கொண்டு போகக்கூடியவை மட்டுமே.

அக்குடாநாட்டிலிருந்து வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறியோர் பல்லாயிரவர். நாளுக்கு 20 கிலோமீட்டர் அனாயாசமாக மிதித்த கால்கள் இவர்களுடையவை. ஆயினும் கொழும்புக்கு வந்ததும் இவர்களுட் பெரும்பாலோர் சைக்கிளைக் கைவிட்டனர். கேட்டால் வாகன நெரிசலைக் காரணமாகக் கூறுவர். அது மெய்யே, யாழ்ப்பாணத்து வீதிகள் அந்நாளிலே வெறுமையாகக் கிடந்தன, காலி வீதியோ அத்தகையதன்று. ஆனால் கூறப்படாத காரணமும் ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்திலே வைத்தியரும் சைக்கிளிலே போனமையால் அதிலே தாழ்வு காண யாருமில்லை. கொழும்பிலோ சைக்கிளை வறியவரின் வாகனமாக எண்ணும் வழக்கம் வேரூன்றிவிட்டது. முச்சக்கர வண்டிக்கு நாள்தோறும் காசைக் கொட்டுபவரும், "நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பர்?" என்று தயங்குகிறார். மீன்காரரும் தபாற்காரரும் காணாத கூச்சத்தைக் கணக்கெழுதுபவர் காண்கிறார். அலுவல் மிகுந்த வாரத்திலே சைக்கிளுக்கு இடமில்லாமற்போவதற்கு நேரக்குறைவு பாதிக் காரணமென்றால், மறுபாதி இக்கூச்சமே.

எரிபொருள் நெருக்கடியிலே சைக்கிளைக் கண்டெடுத்து, நெருக்கடி தீர்ந்தபின்னும் கைவிடாத நாடும் உண்டு. 1973 ஆம் ஆண்டு அராபிய நாடுகள் எண்ணெய் விநியோகத்தைத் தடுத்தபோது, நெதர்லாந்திலே நவம்பர் 4 முதல் சில வாரங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலே மோட்டார்க் கார் ஓட்டுவது தடைசெய்யப்பட்டது. வெறுமையான நெடுஞ்சாலைகளிலே குடும்பங்கள் சைக்கிளிலே உலாவின. வீதி விபத்துகளிலே குழந்தைகள் மடிவதை எதிர்த்து அங்கே பெற்றோர் முன்னரே கிளர்ச்சி தொடங்கியிருந்தனர். இரண்டும் சேர்ந்து, சைக்கிளுக்கெனத் தனிப்பாதை அமைக்கும் கொள்கைக்கு வழிகோலின. கொழும்பிலே சுதந்திர சதுக்கத்தின் அயலிலே காலையிலும் மாலையிலும் பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டுவோரைக் காணலாம். ஆனால் தொழிலுக்குச் செல்பவருக்கு வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டை வரை தொடர்ச்சியான தனிப்பாதை இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிளுக்கு இடம் செய்வதைவிடத் திங்கட்கிழமைச் சைக்கிளுக்கு இடம் செய்வதே நகரத்துக்குக் கூடிய பயன் தரும்.

அன்றாட வேலையோடு ஒட்டிய உடலுழைப்பின் பயனை முதன்முதல் தெளிவாக எடுத்துக் காட்டியவர்களுள் ஒருவர் ஜெரி மொரிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவ அறிஞர். லண்டன் மாநகரத்து இரட்டைத் தட்டுப் பஸ்களின் சாரதிகளையும் நடத்துநர்களையும் அவர் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1953 ஆம் ஆண்டிலே முடிவுகளை வெளியிட்டார். இருந்த இடத்திலேயே இருந்து ஓட்டிய சாரதிகளைவிட, நாள் முழுவதும் படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநருக்கு மாரடைப்பு மிகக் குறைவாகவே வந்ததென அவர் கண்டார். நடத்துநர் எவரும் தேகாப்பியாசம் செய்யும் நோக்கத்துடன் படியேறவில்லை. பிரித்தானியாவிலே இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2017 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட இன்னோர் ஆய்வு, வேலைக்குச் சைக்கிளிலே செல்வோர் அகால மரணமடையும் வாய்ப்பு ஏனையோரைவிட 41 சதவீதம் குறைவாக இருந்ததெனக் கூறிற்று. சைக்கிளிலே செல்வோர் முன்னரே திடகாத்திரராய் இருந்திருக்கலாம் என்ற ஐயம் இத்தகைய ஆய்வுகளில் எப்போதும் உண்டு. ஆயினும் பயன் சிறிதன்று என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் புகாத வீடு அரிதாகிவிட்ட இந்நகரத்திலே, நாற்காலியிலே நாள் முழுவதும் இருந்து விலை பேசும் புறக்கோட்டை வர்த்தகருக்கு இது கதையாகக் கேட்டுவிட்டுப் போகும் விடயமன்று.

இனி, வாரத்தை எவ்வாறு அமைப்பது என்பதைப் பார்க்கலாம். ஆறு நாளும் போகவர 16 கிலோமீட்டர் மிதிப்பேன் என்று முதல் வாரத்திலேயே சூளுரைப்பவர், இரண்டாம் வாரத்திலே வண்டியைச் சுவரிற் சாத்திவிடுவார். பாதிப் பயணம் என்றொரு முறை உண்டு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பகுதியாருக்கு மிகப் பொருத்தமானது. திங்கட்கிழமை காலை சைக்கிளிலே கடைக்குச் செல்லவேண்டும். மாலையிலே வண்டியைக் கடையிலேயே பூட்டி வைத்துவிட்டுக் கோட்டையிலிருந்து கரையோரப் புகையிரதத்திலே வீடு திரும்பவேண்டும். செவ்வாய் காலை புகையிரதத்திலே வந்து, மாலையிலே சைக்கிளிலே வீடு செல்லவேண்டும். புதன்கிழமை மீண்டும் திங்களைப் போன்றது. இவ்வாறு செய்தால் நாளொன்றுக்கு ஒரு வழிப் பயணமே உண்டு. ஆறு நாளில் ஆறு பயணம். அதே 180 நிமிடம். உடல் அலுப்பதற்கு இடமில்லை. நெரிசல் வேளையிலே புகையிரதத்திலே சைக்கிளை ஏற்ற முயலும் வீண் தொல்லையும் இல்லை.

இம்முறைக்கு இன்னுமொரு நன்மையும் உண்டு. எந்தப் பயணத்தை எந்த நாளிலே வைப்பது என்பதை வானிலையையும் புறக்கோட்டையின் போக்கையும் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலே கொழும்பின் மழை பெரும்பாலும் பிற்பகலிலே இடியுடன் வரும், காலை வெளித்திருக்கும். அக்காலத்திலே மழையில்லாத மாலைகளிலேயே வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருவது புத்தி. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றிலே, மாலையிலே மரீன் டிரைவ் வழியாகத் தெற்கு நோக்கி வீடு திரும்புபவருக்குக் காற்று முகத்தில் அடிக்கும்; அரை மணிப் பயணம் முக்கால் மணியாக நீளும். காற்றோடு போராட மனமில்லாதவர் ஒரு தெரு உள்ளே சென்றால் கட்டடங்கள் மறைப்பாகும். வெள்ளிக்கிழமை நண்பகலிலே இரண்டாம் குறுக்குத் தெருச் செம்மண் நிறப் பள்ளிவாசலைச் சுற்றித் தொழுகைக்கு வருவோர் கூட்டம் நிறைந்திருக்கும். அவ்வேளையிலே அப்பக்கம் வண்டியுடன் செல்லாதிருப்பது மரியாதையுமாகும், வசதியுமாகும். தீபாவளி, நோன்புப் பெருநாள், நத்தார், சித்திரைப் புத்தாண்டு ஆகியவற்றுக்கு முந்திய வாரங்களிலே பிரதான வீதியிலே சைக்கிளை மிதிப்பதைக் கனவிலும் எண்ணவேண்டாம். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே வழி. கெய்சர் வீதியிலே ஆண்டின் மற்ற நாட்களிலும் அதே நிலைதான்.

வியர்வையைப் பற்றிய கவலை பெரிது. கொழும்பின் சராசரி வெப்பம் 27 அல்லது 28 பாகை. காற்றிலே ஈரம் மிகுதி. எனவே வியர்க்கத்தான் செய்யும். இங்கே திங்கட்கிழமையின் துணை வேண்டும். திங்களன்று புகையிரதத்திலே வருபவராயின், அவ்வாரத்துக்குரிய சட்டைகளை மடித்து ஒரு பையிலே கொண்டுவந்து கடையிலே வைத்துவிடலாம். பழைய பனியனுடன் மிதித்து வந்து, முகம் கைகால் கழுவி, துவாயினால் துடைத்து, கால் மணி நேரம் விசிறியின் கீழே ஆறியபின் சட்டையை மாற்றினால் வேலை தொடங்கும் வேளையிலே ஒருவரும் அறியமாட்டார். ஆறுமுன் மாற்றினால் இரண்டாவது சட்டையும் நனையும். ஆகையால் அரை மணி முன்னதாகப் புறப்படுவதே இதற்கு மருந்து. ஏழு மணிக்கு முன் புறப்படுபவர் வெயிலுக்கும் தப்புவார். பாடசாலை வாகனங்களின் நெரிசலுக்கும் தப்புவார்.

வண்டியைப் பற்றிச் சில வார்த்தைகள். ஆசனத்தைத் தாழ்த்தி வைத்து முழங்காலை மார்போடு இடித்து மிதிப்போரே நகரிலே அதிகம்; முழங்கால் வலிக்கு அதுவே காரணம். மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும், அவ்வுயரமே சரியானது. சனிக்கிழமை மாலையிலே காற்றடித்தல், பிறேக் கட்டைகளைப் பார்த்தல், சங்கிலிக்கு எண்ணெய் இடுதல் ஆகிய மூன்றையும் பத்து நிமிடத்திலே முடித்துவிடலாம். கடலோரத்திலே உப்புக் காற்று சங்கிலியை விரைவிலே துருவேற்றும். கொட்டாஞ்சேனைக்காரருக்கு இரு வாரத்துக்கொருமுறை போதுமான எண்ணெய், வெள்ளவத்தைக்காரருக்கு வாரந்தோறும் வேண்டும். நனைந்த சில்லிலே பிறேக் தாமதித்தே பிடிக்கும் என்பதையும் மழைநாளிலே மனத்திற்கொள்ளல் வேண்டும்.

சில்லைப் பற்றிப் பேசும்போது, நேயர்கள் அறிந்திருக்கவேண்டிய ஒரு பழைய தொடர்பு நினைவுக்கு வருகிறது. காற்றடைத்த சைக்கிள் ரயரை 1888 ஆம் ஆண்டிலே பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியர் ஜோன் டன்லொப் ஆக்கினார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1876 ஆம் ஆண்டிலே, பிரேசிலிலிருந்து சென்ற றப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்திலே முளைத்து, அந்நாற்றுகள் கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. முதலிலே சைக்கிளும் பின்னர் மோட்டாரும் றப்பரை விழுங்கத் தொடங்கியதனாலேயே களுத்துறை, கேகாலைப் பகுதிகளின் மலைச்சாரல்கள் றப்பர்த் தோட்டங்களாயின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் அத்தோட்டங்களிலே விடியுமுன் மரம் சீவினர். உலகத்துச் சைக்கிள்கள் மெத்தென்று ஓடியதற்கு அவர்களுடைய உழைப்பும் ஒரு காரணம்.

வீதியிலுள்ள அபாயத்தை மறைத்துப் பேசுதல் தகாது. நிறுத்தத்துக்கு வரும் பஸ், முன்னே செல்லும் சைக்கிளை முந்திச்சென்று உடனே இடப்புறம் ஒதுங்குவது காலி வீதியிலே அன்றாட நிகழ்ச்சி. பஸ் முந்துகிறதென்று கண்டவுடன் வேகத்தைக் குறைத்து அதன் பின்னே நிற்பவர் பிழைப்பார். இடப்புற இடைவெளியிலே புகுந்து முந்தப் பார்ப்பவர் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையே அகப்படுவார். நிறுத்திய காரின் கதவு திடீரெனத் திறக்கும். ஆதலின் ஒரு கதவின் அகலமாவது விலகிச் செல்லல் வேண்டும். ஓரத்துக் கான் மூடிகளின் கம்பி இடைவெளியிலே மெல்லிய சில்லு இறங்கிவிடக்கூடும். ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணிக்குள் இருட்டிவிடும் நாடு இது. ஒரு காலத்திலே சைக்கிளுக்கும் உள்ளூராட்சி மன்றத்திலே பணம் கட்டித் தகடு பெறவேண்டும். விளக்கின்றிச் சென்றால் பொலிசார் மறிப்பர். தகட்டை இன்று எவரும் எண்ணுவதில்லை. விளக்கையும் எண்ணாமல் விட்டுவிட்டனர் என்பதுதான் வருந்தத்தக்கது. முன்னே வெள்ளை ஒளியும் பின்னே சிவப்பு ஒளியும் இல்லாமல் புறக்கோட்டையிலிருந்து இருட்டிலே புறப்படுதல் ஆகாது.

பெண்கள் கொழும்பு வீதிகளிலே சைக்கிள் ஓட்டுவது இன்னும் அரிதாகவே காணப்படுகிறது. யாழ்ப்பாணத்திலே அது புதுமையன்று. தமிழ்நாட்டிலே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்திலே, அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவுப் பணியோடு சேர்ந்து கிராமப் பெண்கள் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் கற்றனர். கல் உடைப்போரும் விவசாயக் கூலிகளும் அவர்களுள் இருந்தனர். தண்ணீர் எடுக்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் சந்தைக்குப் போகவும் பிறர் தயவை எதிர்பாராமல் இருக்கலாம் என்பதே அவர்கள் கண்ட பெரும் பயன். தொடக்கத்திலே கேலி பேசியோர் பலர் இருந்தனர். ஓட்டுவோர் தொகை பெருகியபின் கேலி அடங்கிற்று. ஒருவர் தனியே சென்றாற் கூச்சமாக இருப்பது, பத்துப் பேர் செல்லும்போது வழக்கமாகிவிடுகிறது. கொட்டாஞ்சேனையிலே ஒரே தெருவிலிருந்து நான்கைந்து பேர் சேர்ந்து காலையிலே புறப்பட்டால், ஆணாயினும் பெண்ணாயினும், பஸ் சாரதிக்கும் அக்கூட்டம் கண்ணிற்படும்.

எஞ்சியிருப்பது வண்டியை நிறுத்தும் இடம். புறக்கோட்டைக்குச் சைக்கிளிலே வர விரும்புவோருட் பலர் இறுதியிலே தயங்குவது இதனாலேதான். குறுக்குத் தெருக்களிலே கடைவாசலில் ஓர் அடி நிலமும் விலையுள்ளது. வெளியே பூட்டி வைத்த சைக்கிள் மாலையிலே அங்கு இருக்கும் என்பதற்கு எவரும் பிணை நிற்கமாட்டார். ஆனால் அநேகமாக ஒவ்வொரு மொத்தக் கடைக்கும் பின்னே ஒரு பண்டகசாலை உண்டு. அதன் சுவரிலே மூட்டை அடுக்காத ஒரு மூலையும் உண்டு. அச்சுவரிலே இடுப்புயரத்தில் ஓர் இரும்புக் குழாயைப் பொருத்திவிட்டால், நான்கு சைக்கிள்களை அதனோடு சங்கிலியிட்டுப் பூட்டலாம். முதலாளி ஒருவர் தம் கணக்கப்பிள்ளைக்கும் சிப்பந்திகளுக்கும் இதனைச் செய்து கொடுப்பதற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. குழாயும் பூட்டும் நாலு ஆணியும் பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளிலே, கைவண்டி போய்வரும் தூரத்திலேயே கிடைக்கும்.